ஆஞ்சியோ நார்மல், எக்கோவில் பம்பிங் குறைவு: அரிய இதயக் கோளாறுகள் எங்கே கண்ணில் படாமல் போகின்றன

பிறந்து இரண்டு மாதமான குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் வீறிட்டு அழுகிறது, நெற்றியெல்லாம் வியர்க்கிறது, முகம் வெளிறுகிறது, மூச்சு வாங்குகிறது, கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறது. வயிற்று வலியாக இருக்கும் என்று வீட்டில் கிரைப் வாட்டர் கொடுப்பார்கள். சளி என்று மருந்து எழுதித் தருபவர்களும் உண்டு. எடை ஏறாமல், மூச்சு வேகமாகி, எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்த பிறகுதான் எக்கோ, அதாவது இதயத்தின் ஒலியலை ஸ்கேன், எடுப்பார்கள். இடது கீழறை ஊதிப்போயிருக்கும், பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 25 சதவீதம், 30 சதவீதம் என்று வரும். அறிக்கையில் 'டைலேட்டட் கார்டியோமயோபதி' என்று எழுதியிருப்பார்கள், அதாவது இதயத் தசை பலவீனமாகி அறை விரிந்துபோன நிலை. தசை வீக், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று பெற்றோருக்குச் சொல்லப்படும்.

இப்படி வரும் குழந்தைகளில் சிலருக்குத் தசையில் எந்தப் பிறவிக் குறையும் கிடையாது. தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்தான் தப்பான இடத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. பெருந்தமனியிலிருந்து வர வேண்டிய இடது கரோனரி தமனி, இவர்களுக்கு நுரையீரல் தமனியிலிருந்து வருகிறது. அல்காபா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுமார் 3 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

வயிற்றில் இருக்கும்வரை இதனால் சிக்கல் வராது, ஏனென்றால் கருவில் இரண்டு பெரிய தமனிகளிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறந்து நுரையீரல் விரிந்த பிறகு, அடுத்த சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. இடது பக்கத் தசைக்கு அழுத்தமும் பிராணவாயுவும் குறைந்த ரத்தம் கிடைக்க ஆரம்பிக்கிறது. இன்னும் மோசமானது அடுத்து நடப்பது. சரியான இடத்திலிருந்து கிளம்பும் வலது கரோனரியின் ரத்தம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு இணைப்புகள் வழியாக இடது கரோனரிக்குள் வந்து, தசைக்குள் போகாமல், அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனிக்குள் பின்னோக்கி வழிந்துவிடுகிறது. பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்த குழந்தை இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் திடீரென்று தேய்வதற்கு இதுதான் காரணம். அந்த வயதில் ஒரு குழந்தை செய்யும் பெரிய உடலுழைப்பு பால் குடிப்பதுதான், அதனால் வலியும் அப்போதுதான் வருகிறது. ஐம்பது வயதுக்காரர் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறாரே, அதே வலிதான் இது, ஆனால் சொல்ல வாய் இல்லாத வயது.

1933-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் பிளாண்ட், பால் டட்லி ஒயிட், ஜோசப் கார்லண்ட் மூவரும் மூன்று மாதக் குழந்தை ஒன்றின் கதையை இப்படித்தான் விவரித்தார்கள். இன்றும் இந்த நோய்க்கு அவர்கள் பெயர்தான். குழந்தையைக் கவனிக்கும் மருத்துவரிடம் ஒரு ஈசிஜி கருவி இருந்தால் துப்பு கிடைத்துவிடும். மாரடைப்பு வந்த பெரியவருக்குத் தெரிவது போன்ற ஆழமான கியூ அலைகள் முதலாம் லீடிலும் ஏவிஎல் லீடிலும் இருக்கும். எக்கோவில் வலது கரோனரி வழக்கத்தைவிடப் பருத்திருக்கும், மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் சிறு தசைகள் தழும்பேறி வெள்ளையாகத் தெரியும், வால்வு கசியும், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் இடது கரோனரியின் ரத்தம் எதிர்த்திசையில் ஓடும். சந்தேகம் தீரவில்லை என்றால், சிடி ஸ்கேனில் கரோனரிகளைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ முடித்துவைத்துவிடும். இத்தனைக்குப் பிறகும் இது தவறவிடப்படுவதன் காரணம், எக்கோ எடுப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அந்தப் பெரிய, சோர்ந்த அறையின் மேல். கரோனரிகளின் தொடக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், அழும் குழந்தையிடம் அதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

பொறுமை ஏன் இங்கே உயிர்ப் பிரச்சினை என்றால், சிகிச்சை இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. தமனியைப் பிரித்துப் பெருந்தமனியில் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துவிட்டால், பம்பிங் 20, 25 சதவீதம் என்று துடித்துக்கொண்டிருந்த இதயம் சில மாதங்களில் இயல்புக்குப் பக்கத்தில் வந்துவிடுவது வழக்கம். தசை செத்துப்போகவில்லை, கிடைக்கிற ரத்தத்தை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு வேலையைக் குறைத்திருந்தது. எனவே 'தசை வீக்' என்று முத்திரை விழுந்த எந்தக் குழந்தைக்கும், இரண்டு கரோனரிகளும் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும் என்பேன். பார்க்க முடியவில்லை என்றால் அறிக்கையில் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். அச்சடித்த படிவத்தில் ஏற்கெனவே இருக்கும் 'நார்மல்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

இதே ஊதிய இதயத்துக்கு வேறு எளிய காரணங்களும் உண்டு, அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாய்க்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்து, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் கால்சியம் பாதாளத்துக்கு இறங்கினால் இதயத் தசை சுருங்க முடியாமல் திணறும். இந்தியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இப்படிப் பல குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள், கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்ததும் பெரும்பாலும் மீண்டிருக்கிறார்கள். தொடையில் நாடி பிடித்துப் பார்த்தால் பெருந்தமனி குறுகியிருப்பது பிடிபடும். இடைவிடாத படபடப்பே தசையைச் சோர்வாக்கியிருக்கவும் கூடும், அதற்கு ஈசிஜியை நிதானமாகப் படித்தாலே போதும். இவை எல்லாம் அதிகச் செலவில்லாத சோதனைகள்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். அங்கே கதை தலைகீழாக நடக்கும். நெஞ்சு வலி, ஈசிஜியில் மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் கூடுதல் என்று ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார், கேத் லேபுக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ எடுக்கிறார்கள், பெரிய அடைப்பு எதுவும் இல்லை. 'அடைப்பு இல்லை, பயப்படாதீங்க, கேஸ் ட்ரபுளா இருக்கும்' என்று அனுப்பிவைக்கிறார்கள், அல்லது 'மைனர் அட்டாக்' என்று ஒரு பெயர் வைத்து ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆயுளுக்கும் எழுதிவிடுகிறார்கள். மாரடைப்பு என்று சேர்க்கப்படுபவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பெரிய அடைப்பு இருப்பதில்லை என்று பல நாடுகளின் தரவுகள் சொல்கின்றன, அதில் பெண்களும் வயது குறைந்தவர்களும் அதிகம். ட்ரோபோனின் கூடியிருக்கிறது என்றால் இதயத் தசை செல்கள் காயப்பட்டிருக்கின்றன என்று பொருள். கேஸ் ட்ரபுளில் அது கூடாது. அடைப்பு இல்லை என்று தெரிந்த இடத்தில் விசாரணை முடியக் கூடாது, அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆஞ்சியோ என்பது குழாய்க்குள் ஓடும் மையின் நிழல். குழாயின் உள்வெளி எவ்வளவு அகலம் என்று மட்டுமே அது காட்டும். சுவருக்குள் என்ன நடக்கிறது, சுவரைத் தாண்டித் தசையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரம்பை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் விளங்கிவிடும்.

அதில் முதலாவது ஸ்காட் எனப்படும் கரோனரி சுவர்ப் பிளவு. கொழுப்புப் படிவு இல்லாத, நல்ல ஆரோக்கியமான தமனியின் சுவருக்குள் தானாகவே ரத்தம் கசிந்து தேங்கி, அந்தத் தேக்கம் உள்பாதையை வெளியிலிருந்து நெரிக்கிறது. பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள், சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லாதவர்கள் பலர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களிலும் வரும் மாரடைப்புக்கு முக்கியமான காரணம் இதுதான். 1931-லேயே 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் இது விவரிக்கப்பட்டது. ஆனால் உயிரோடு இருப்பவர்களிடம் இதைக் கண்டுபிடிக்கும் கண் உலகம் முழுவதுமே கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில்தான் கூர்மையாகியிருக்கிறது. பாடப்புத்தகப் படத்தில் கிழிந்த சுவரின் கோடு தெரியும், நிஜத்தில் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. திடீரென்று ஓர் இடத்திலிருந்து தமனி நீளமாக, வழவழப்பாக மெலிந்து போவது மட்டுமே தெரியும், 'தமனி கொஞ்சம் சின்னது' என்று கண் அதைத் தாண்டிப் போய்விடும். மற்ற தமனிகள் பளிச்சென்று இருக்கும்போது ஒன்று மட்டும் இப்படி மெலிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே சரியான பெயர் வைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் சிகிச்சையே எதிர்த்திசையில் போகிறது. வழக்கமான மாரடைப்பில் சீக்கிரம் ஸ்டென்ட் வைப்பது உயிர் காக்கும். இங்கே ரத்த ஓட்டம் நிற்காமல், நோயாளி நிலையாக இருந்தால், கை வைக்காமல் விடுவதே நல்லது. கம்பியும் பலூனும் தேங்கிய ரத்தத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பிளவை நீட்டிவிடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் தீங்கு செய்யக்கூடும். சும்மா விட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சுவர் தானாக ஆறிவிடுகிறது. இடது பிரதான தமனியே பிளந்தாலோ வலி நிற்காமல் ரத்த அழுத்தம் இறங்கினாலோ தலையிடத்தான் வேண்டும், அது வேறு. கழுத்து, சிறுநீரகத் தமனிகளிலும் சுவர்க் கோளாறு இருக்கிறதா என்று இவர்களுக்கு ஒருமுறை தேடிப் பார்ப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது, ஏனென்றால் பலருக்கு அது கூடவே இருக்கிறது.

இரண்டாவது, தசையின் பக்கமிருந்து வரும் மாறுவேடம். 1990-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் சாத்தோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் விவரித்த டக்கோட்சுபோ. மாரடைப்பு போலவே வலி, மாரடைப்பு போலவே ஈசிஜி. இடது கீழறையின் நுனிப் பகுதி மட்டும் அசையாமல் பலூன் மாதிரி உப்பி, கழுத்துப் பகுதி மட்டும் இறுக்கமாகச் சுருங்குகிறது. ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவம் அப்படியே இருந்ததால் அந்தப் பெயர். நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் மாதவிடாய் நின்ற வயதைத் தாண்டிய பெண்கள். இதை 'மனம் உடைந்த இதயம்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, துக்கம் நடந்த வீட்டில்தான் இது வரும் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. உண்மையில் மூச்சுத்திணறல், அறுவை சிகிச்சை, கடுமையான தொற்று போன்ற உடல் அதிர்ச்சிகளுக்குப் பின் வருவதே அதிகம், கால்வாசிக்கும் மேற்பட்டோரிடம் எந்தத் தூண்டுதலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. பெரும்பாலோருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ பம்பிங் திரும்பிவிடும் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2015-ல் வெளியான பெரிய சர்வதேசப் பதிவேட்டில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் சுமார் 4 சதவீதம்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத ஒன்று, இதயத்தின் நுனித் தசை மட்டும் தடித்துப்போவது. ஜப்பானிய மருத்துவர்கள் 1970-களில் விவரித்தது, யமகுச்சி என்ற பெயர் இதோடு ஒட்டிக்கொண்டது. ஈசிஜியில் டி அலைகள் ராட்சதத்தனமாகத் தலைகீழாக இருக்கும். யார் பார்த்தாலும் மாரடைப்பு என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆஞ்சியோ நார்மல். எக்கோவும் நார்மல் என்று வந்துவிடும், காரணம் இதயத்தின் நுனி எக்கோவில் சரியாகத் தெரியாத மூலை, கருவி வைக்கும் இடம் கொஞ்சம் தள்ளினாலும் நுனி படத்திலிருந்து வெட்டுப்பட்டுவிடும். ஒருவருக்கே மூன்று நான்கு முறை ஆஞ்சியோ எடுக்கப்படுவது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் நடக்கும். ஈசிஜி கத்துகிறது, எக்கோ அமைதியாக இருக்கிறது என்றால் எக்கோவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லக்கூடிய கருவி இதய எம்ஆர்ஐ. அதன் வேலை செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடோலினியம் என்ற மருந்தை ரத்தக் குழாயில் செலுத்திவிட்டுப் பத்து நிமிடம் போலக் காத்திருப்பார்கள். நல்ல தசையிலிருந்து அது சீக்கிரம் வெளியேறிவிடும், செல்கள் செத்த இடத்திலும் தழும்பான இடத்திலும் தங்கிவிடும், படத்தில் அந்த இடம் வெள்ளையாக ஒளிரும். எங்கே ஒளிர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தமனி அடைபட்டால் சாவு எப்போதும் தசையின் உட்புற அடுக்கில் தொடங்கி வெளியே பரவும், ஏனென்றால் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். அதோடு அந்தச் சேதம் ஏதாவது ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்கும். வைரஸால் தசை அழற்சி வந்தால் பெரும்பாலும் நடு அடுக்கிலோ வெளி அடுக்கிலோ, தமனி எல்லைகளை மதிக்காமல் திட்டுத்திட்டாக ஒளிரும். டக்கோட்சுபோவில் வீக்கம் இருக்கும், தழும்பு பெரும்பாலும் இருக்காது. தசை தடித்த நோயில் இரண்டு கீழறைகளும் சேரும் ஓரங்களிலும் தடித்த இடத்தின் நடுவிலும் ஒளிரும். நுனித் தடிப்பு எம்ஆர்ஐயில் ஒளியவே முடியாது. பெரிய அடைப்பு இல்லாமல் மாரடைப்பு வந்த பெண்களிடம் தமனிக்குள்ளிருந்தே ஒளியால் படமெடுக்கும் ஓசிடியையும் எம்ஆர்ஐயையும் சேர்த்துச் செய்து பார்த்த 2021 ஆய்வு ஒன்றில், சுமார் 85 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. ஆனால் வீக்கம் வடிந்துபோகும் விஷயம் என்பதால் முதல் ஓரிரு வாரங்களுக்குள் எடுத்தால்தான் படம் முழுமையாகப் பேசும். ஆறு மாதம் கழித்து எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எம்ஆர்ஐயும் எல்லாம் சொல்லிவிடாது. திட்டுத்திட்டான அழற்சியும், ஆபத்தான துடிப்புக் கோளாறும், மின்கடத்தல் தடையும் சேர்ந்து வரும் நடுவயதுக்காரரிடம், உறுப்புகளில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டு நோயை நினைக்க வேண்டும். இந்தியாவில் கூடவே காசநோயையும் நினைக்க வேண்டும், இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு ஸ்டீராய்டு, இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து. காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் விபரீதம். அதனால் பெட் ஸ்கேனில் ஒளிரும் நிணநீர்க் கட்டியைத் தேடி, அதிலிருந்து துளி எடுத்துச் சோதித்த பிறகு மருந்தைத் தொடங்கும் மருத்துவரிடம், ஏன் தாமதம் என்று சண்டை போடாதீர்கள்.

சுவர் தடிப்பு என்று எக்கோவில் வந்தாலும் இதே கதைதான். 'பிபி இருக்குல்ல, அதனாலதான்' என்பது எளிதான பதில், பல சமயம் சரியான பதிலும்கூட. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு எக்கோவில் சுவர் தடிப்பாகவும், ஈசிஜியில் அலைகள் குட்டையாகவும் இருந்தால் கணக்கு உதைக்கிறது. தசை பெருத்தால் மின்சாரமும் பெருக வேண்டும். பெருகவில்லை என்றால் தடித்திருப்பது தசையாக இருக்காது, நடுவில் ஏதோ படிந்திருக்கலாம், அதாவது அமிலாய்டு என்ற புரதம். இவர்களில் பலருக்குச் சில ஆண்டுகள் முன்பே இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கும், இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் இதயத்திலிருந்து தசைத் துணுக்கு எடுத்தால்தான் உறுதி. இப்போது எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் மருந்து இதயத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தே ஒரு வகையை உறுதி செய்யலாம், கூடவே ரத்தத்திலும் சிறுநீரிலும் அசாதாரணப் புரதம் இல்லை என்று உறுதியாக வேண்டும். அந்த இரண்டாவது பாதியைச் செய்யாமல் விடுவதுதான் நடக்கும் தவறு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வகை அவசரச் சிகிச்சை கேட்பது, அதை இந்த வகை என்று நினைத்து ஆறப்போட்டால் உயிர் போகும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஏதோ ஓர் அறிகுறி காட்டியவை. காட்டாமலே இருப்பவையும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் 1970-லிருந்து பத்து சீசன்கள் என்பிஏவில் ஆடினார். ஓய்வு பெற்ற பிறகு, 1988 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார், வயது 40. பிரேதப் பரிசோதனையில் அவருக்கு இடது கரோனரி தமனியே இல்லை, வலதுதான் மொத்த இதயத்துக்கும் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அத்தனை ஆண்டுகள் உச்சத்தில் விளையாடிய உடலுக்குள் இது இருந்திருக்கிறது. இதைவிட அதிகம் காணப்படும் ஆபத்து, இடது கரோனரி வலது பக்கத்திலிருந்து கிளம்பிப் பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே நுழைந்து போவது. அதன் வாய் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி இருக்கும், ஓடும்போது பெருந்தமனி விரிந்தால் அது இன்னும் மூடிக்கொள்ளும். இப்படித் தப்பான பக்கத்திலிருந்து கரோனரி கிளம்பி இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களை அமெரிக்க, இத்தாலிய மருத்துவர்கள் 2000-ல் ஆராய்ந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஈசிஜி எடுக்கப்பட்ட ஒன்பது பேருக்கும் அது நார்மல். டிஎம்டி, அதாவது ட்ரெட்மில்லில் ஓடவைத்து ஈசிஜி எடுக்கும் சோதனை, செய்த ஆறு பேருக்கும் அதுவும் நார்மல். ஆனால் 10 பேருக்கு முன்பே மயக்கம், நெஞ்சு வலி என்று ஏதோ ஓர் எச்சரிக்கை வந்திருந்தது.

அந்த ஆய்வை வைத்து நான் புரிந்துகொள்வது இது. ஓடும்போது, நடு ஓட்டத்தில் மயங்கி விழுந்த பையனுக்கு டிஎம்டி நார்மல் என்பது ஆறுதல் தராது. வெயிலில் வரிசையில் நின்று மயங்குவது வேறு, ஓட்டம் முடிந்து நின்றபின் தலைசுற்றுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. மூன்றாவது நடந்தால் கரோனரிகளின் தொடக்கத்தை சிடியில் பார்க்காமல் மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. அதே நேரத்தில், வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த சிடியில் வலது கரோனரி இடது பக்கத்திலிருந்து வருகிறது என்று ஐம்பது வயதில் தெரியவந்தால் பீதியடையவும் வேண்டாம். அந்த வகையினரில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள்.

ஈசிஜியால் பிடிக்க முடிந்ததும் உண்டு. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜியோடு பரிசோதனை கட்டாயம். பாதுவா நகரை உள்ளடக்கிய வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்ததாக 2006-ல் அறிவித்தார்கள். குறைந்ததில் பெரும்பங்கு தசை நோய்களால் வந்த மரணங்கள், அதிலும் வலது கீழறைத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் நோய். அந்த நோயின் ஒரு வகையை நான் மறக்கவே முடியாது. கிரேக்கத் தீவான நக்சோஸில் 1980-களில் விவரிக்கப்பட்ட குடும்பங்களில், சுருட்டையான கம்பளி போன்ற முடியும், உள்ளங்கை உள்ளங்காலில் தடித்த தோலும் இருந்த குழந்தைகளுக்கு வளர்ந்தபின் இதய நோய் வந்தது. தோல் செல்களையும் இதயச் செல்களையும் ஒட்டவைக்கும் புரதம் ஒன்றே என்பதால் முடியும் தோலும் பல ஆண்டுகள் முன்பே அறிவித்துவிடுகின்றன.

மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் முடித்துவைக்கும் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். நம் ஊர் சம்பந்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய பெருந்துறை தண்டபாணியின் ஆய்வு 2009-ல் வெளியானது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது, அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு என்றது அது. மிக முக்கியமான கண்டுபிடிப்பு. அடுத்த பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகள் படத்தை நுணுக்கமாக்கின. விடுபட்ட 25 எழுத்துகளை வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே இருக்கிறது, அதே மரபணுத் துண்டில் கூடவே வரும் வேறு அரிய மாற்றங்களை வைத்திருப்பவர்களிடம்தான் தசைத் தடிப்பு அதிகம் தெரிகிறது என்று அவை காட்டின. அதனால் அறிக்கையில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்குப் போக வேண்டாம். இதே மாதிரியான தவறு வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் சாதாரணமாகவே இருக்கும் மாற்றங்கள், ஒப்பிடும் தரவில் அவர்கள் போதிய அளவு இல்லாததால், நோய் மரபணு என்று தவறாக அறிவிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. தமிழர்களின் தரவும் அந்தக் கிடங்குகளில் இன்னும் மெலிவுதான்.

குடும்பம் என்ன செய்வது? பழைய ஈசிஜிகளைத் தூக்கிப் போடாதீர்கள், புதியதோடு ஒப்பிட அவை வேண்டும். ஆஞ்சியோவுக்கு அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். 'மெலிந்த தமனி' பிளவா என்று இரண்டாவது மருத்துவர் சொல்ல வேண்டுமானால் அவருக்குப் படம்தான் வேண்டும், முதல் மருத்துவரின் கருத்து போதாது. தசைத் தடிப்பு நோய் உறுதியானவரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈசிஜியும் எக்கோவும் தேவை. ஒருமுறை நார்மல் என்று வந்ததோடு விட்டுவிடக் கூடாது, பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளர்பருவத்தில் தொடங்கும் நோய் அது. இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்துபோன வீட்டில், அந்தத் துயரத்துக்கு நடுவில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றும். அது எவ்வளவு கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் சம்மதியுங்கள். இதயத்தைக் கரோனரிகளின் வாயிலிருந்து கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள், மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமோ திசுவோ எடுத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இறந்தவரின் தம்பிக்கோ மகளுக்கோ எந்தச் சோதனை தேவை என்பதை முடிவு செய்ய, பல குடும்பங்களில் அந்த ரத்த, திசு மாதிரி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.